ஆடும் ஸ்டூலும் சில ஆங்கிலச் சொற்களும்

பொங்கல் விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. வந்தவள் கூடத்தில் ஜன்னலோரம் கிடந்த மர ஸ்டூலில் உட்கார்ந்து செல்போனைப் பார்க்க ஆரம்பித்தாள். இரண்டு நிமிடம்தான். ஸ்டூல் ஒரு பக்கம் சாய, பதறி எழுந்துவிட்டாள்.

"தாத்தா, இது ரொம்ப ரிக்கெட்டியா இருக்கு" என்றாள்.

மருமகள் சமையலறையிலிருந்து, "நானும் ரெண்டு வருஷமா சொல்றேன் மாமா, பழைய சாமான்காரருக்குப் போட்டுடலாம்னு" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. ஸ்டூலைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அந்தச் சொல் அன்று பூராவும் என்னை விடவில்லை.

அலமாரியின் மேல்தட்டில் என் பழைய சேம்பர்ஸ் ஆங்கில அகராதி இருக்கிறது. 1979இல் மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கியது. முதுகு பிய்ந்து, மைதா பசை போட்டு நானே ஒட்டி வைத்திருக்கிறேன். சொல்லுக்குப் பொருளோடு அது எந்த ஊரிலிருந்து, எந்த மொழியிலிருந்து வந்தது என்றும் கடைசியில் சிறிய எழுத்தில் போட்டிருக்கும். கதைப் புத்தகத்தை விட எனக்கு அது பிடிக்கும். பணி ஓய்வுக்குப் பிறகு தினம் ஒரு சொல் என்று பார்ப்பதாக ஒரு பழக்கம். அன்று ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து சொற்களைப் பார்த்தேன். எல்லாம் ஆட்டம், தள்ளாட்டம், கரடுமுரடு சம்பந்தப்பட்டவை.

ஆடுவதற்கு ஆங்கிலத்தில்தான் எத்தனை சொற்கள்! ஷேக்கி என்றால் நடுங்குவது. வாப்ளி என்றால் சக்கரம் கோணலாகச் சுற்றுகிற மாதிரி ஆடுவது. டீட்டர் என்றால் விழப்போகிற மாதிரி முன்னும் பின்னும் ஆடுவது. நாம் மட்டும் சளைத்தவர்களா? லொடலொட, கிடுகிடு, தள்ளாட்டம், தடுமாற்றம் என்று நம்மிடமும் குறைவில்லை. பஸ் ஜன்னல் என்றால் லொடலொட, கிழவர் நடந்தால் தள்ளாட்டம். ஆளுக்கும் பொருளுக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறோம்.

ராம்ஷாக்கிள் என்று ஒரு சொல். இடிந்து விழுகிற மாதிரி நிற்கும் வீட்டுக்கும், ஓட்டை உடைசல் வண்டிக்கும் சொல்வார்கள். ஷாக் என்றால் குடிசை என்பதால் அதிலிருந்து வந்திருக்கும் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். அதற்கும் குடிசைக்கும் சம்பந்தமே இல்லை. ரான்சாக் என்ற சொல்லின் வாரிசு அது. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ரான் என்றால் வீடு, சாகா என்றால் தேடுவது. வீடு புகுந்து தேடுவது ரான்சாக். அப்படிக் கிளறிப் போட்ட வீடு எப்படி இருக்கும்? அதுதான் ராம்ஷாக்கிள். 17ஆம் நூற்றாண்டில் ரான்ஷாக்கிள்ட் என்று இருந்தது, வாயில் புரண்டு புரண்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்போதைய உருவத்துக்கு வந்துவிட்டது. ஆக, அந்த வீடு வயதாகி இடியவில்லை. யாரோ புகுந்து தேடியிருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அப்பத்தா இறந்தபோது நடந்தது அப்படியே இதுதான். அப்பத்தா தன் காசுமாலையைச் சுவரில் எங்கோ வைத்துப் பூசியிருக்கிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் இரண்டு அத்தைமாரும் ஒரு சித்தப்பாவும் கடப்பாரையோடு இறங்கினார்கள். அடுப்படிச் சுவர், குதிர் இருந்த மூலை, மாடக்குழி எல்லாவற்றையும் பெயர்த்தார்கள். காசுமாலை கிடைக்கவில்லை. மூன்று ஓட்டைக் காலணாவும் ஒரு பாக்குவெட்டியும் கிடைத்தன. அதற்குப் பிறகு அந்த வீடு நிமிரவே இல்லை. அடுத்த ஐப்பசி மழையில் அடுப்படிச் சுவர் விழுந்தது. ஊரில் வீடு பழசாகி விழுந்தது என்று சொன்னார்கள்.

கரடுமுரடுச் சொற்களுக்கு வருகிறேன். ரஃப் என்பது தமிழாகவே ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ரஃப் நோட்டு வைத்திருக்காதவர் நம்மில் யார்? எழுத்துக் கூட்டும்போது கடைசியில் ஜி, எச் என்று இரண்டு எழுத்து எதற்கு என்று வாத்தியாரிடம் கேட்டு நான் பெஞ்சு மேல் நின்றிருக்கிறேன். பழைய ஆங்கிலத்தில் அது ரூஹ். தொண்டையிலிருந்து காறுகிற மாதிரி ஓர் ஓசை கடைசியில் இருந்தது. அந்த ஓசை போய்விட்டது, எழுத்து மட்டும் மிஞ்சிவிட்டது. வாத்தியார் அதைச் சொல்லியிருந்தால் கால்மணி நேரம் நின்றிருக்க வேண்டாம். பாவம், அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

ரக்கட் என்ற சொல்லை இப்போது மலைப் பாதைக்கும், கீழே போட்டாலும் உடையாத செல்போனுக்கும் சொல்கிறார்கள். முதலில் அதற்குச் சடை சடையாக மயிர் உள்ளது என்றுதான் பொருள். ஆட்டு மயிர், கம்பளி மாதிரி. தரையில் விரிக்கும் ரக், கந்தல் துணியான ராக், இந்த ரக்கட் மூன்றும் வடதேசத்து மொழிகளிலிருந்து வந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள். கம்பளியின் சொரசொரப்பைப் பிறகு நிலத்துக்குச் சொன்னார்கள், அதற்கும் பிறகு அசராத மனிதனுக்குச் சொன்னார்கள். நம் கரடுமுரடு வேறு வழியாக வந்தது. எங்கள் திண்டுக்கல் பக்கம் கரடு என்றால் பாறையும் முள்ளுமாக இருக்கும் சின்னக் குன்று. மரத்தில் விழும் முடிச்சையும் கரடு என்போம். ஆடு மேய்த்தவன் கால் அறியும் சொல் அது. அவர்கள் கையால் தடவிப் பார்த்ததை நாம் காலால் மிதித்துத் தெரிந்துகொண்டோம் என்று தோன்றுகிறது.

கோர்ஸ் என்று இன்னொன்று. முரட்டுத் துணி, முரட்டுப் பேச்சு இரண்டுக்கும் சொல்வார்கள். இது, படிக்கிற கோர்ஸ் இருக்கிறதே, அதே சொல்தானாம். கோர்ஸ் என்றால் வழக்கமான போக்கு. வழக்கமான, அதாவது சாதாரணத் துணி, அன்றாடம் உடுத்துகிற துணி. அது பட்டு மாதிரி இருக்காதே, அதனால் முரட்டுத் துணி. எழுத்தைக்கூட முதலில் ஒரே மாதிரிதான் எழுதினார்கள், பிறகுதான் பிரித்தார்கள். சாதாரணமாக இருப்பதே ஒரு குறை ஆகிவிட்டது பாருங்கள். எங்கள் அப்பா ஆயுசு முழுக்க காடாத் துணியில் தைத்த சட்டைதான் போட்டார்.

ஒரு சொல்லிடம் எனக்குத் தனிப் பகை உண்டு. பிரிகேரியஸ்.

1974இல் ஓர் அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சராகச் சேர்ந்தேன். 89 நாள் வேலை, ஒரு நாள் இடைவெளி, மறுபடி 89 நாள். அந்த ஒரு நாளில் நான் வேலையில் இல்லாதவன். தொடர்ந்து வேலை பார்த்ததாக ஆகிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அந்த ஒரு நாளும் வீட்டில் சொல்லாமல் காலையில் கிளம்பி, மலைக்கோட்டை அடிவாரத்தில் உட்கார்ந்துவிட்டு மாலையில் வருவேன். அப்பா மில்லில் இருந்து நின்றுவிட்ட சமயம். தம்பி தையல் பழகிக்கொண்டிருந்தான். என் சம்பளம்தான் சோறு.

1976இல் ஹெட் கிளார்க் ஒருவர், நல்ல மனிதர், "இப்படியே இருந்தா எப்படிப்பா, மனு கொடு" என்று அவரே ஆங்கிலத்தில் வரைவு எழுதிக் கொடுத்தார். அதில் என் நிலைமை பிரிகேரியஸாக இருக்கிறது என்று ஒரு வரி. என்ன சார் அர்த்தம் என்று கேட்டேன். "ஆபத்தான நிலைன்னு அர்த்தம், அடிச்சுக் கொண்டா" என்றார். அடித்தேன். கடைசியில் பிரேயர் என்று தலைப்புப் போட்டு, பணிவரன்முறை செய்ய வேண்டுமாய்ப் பணிந்து வேண்டுகிறேன் என்று முடித்தேன்.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். சிவப்புப் பென்சிலால் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். "என்ன ஆபத்து? கூரை தலையில விழுதா?" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் நின்றேன். போகலாம் என்றதும் வந்துவிட்டேன். எனக்குப் பணிவரன்முறை ஆனது 1981இல். அதற்குள் எத்தனை 89 நாட்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சேம்பர்ஸ் வாங்கிய அன்று முதலில் பார்த்தது அந்தச் சொல்லைத்தான். லத்தீனில் பிரெக்ஸ் என்றால் வேண்டுதல். பிரிகேரியஸ் என்றால் கெஞ்சிக் கேட்டுப் பெற்றது. ரோமானியர் சட்டத்தில் பிரிகேரியம் என்றே ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருவன் கேட்டதற்காக இன்னொருவன் தன் நிலத்தையோ பொருளையோ அனுபவிக்கக் கொடுப்பான். கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அடுத்தவர் தயவில் நிற்பது என்பதுதான் பொருள். ஆபத்து என்ற பொருள் அதற்கும் பிறகு சேர்ந்தது. அடுத்தவர் தயவில் இருப்பவன் நிலை ஆபத்துதானே. நான் அடித்த பிரேயர் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஒரே மனுவில் ஒரே சொல்லை இரண்டு வேஷத்தில் அடித்திருக்கிறேன்.

ஹெட் கிளார்க் சொன்னது தப்பில்லை. அதிகாரி கேட்டதுதான் தப்பு. இதை முன்பே தெரிந்திருந்தால் அன்று அவரிடம் சொல்லியிருப்பேனா? மாட்டேன். கூரை விழவில்லை சார், கூரையே உங்களுடையது என்று சொல்ல 26 வயதில் துணிச்சல் ஏது?

இப்போது ரிக்கெட்டிக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றியதே அதைத் தள்ளிப்போடத்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ரிக்கெட்டி என்பது ரிக்கெட்ஸ் என்ற நோயிலிருந்து வந்த சொல். குழந்தைகளுக்கு எலும்பு உரம் பெறாமல் கால் வில்லாக வளைகிற நோய். லண்டனில் யார் யார் எந்த நோயில் இறந்தார்கள் என்று வாராவாரம் பட்டியல் போடுவார்களாம். அதில் 1634இல்தான் இந்தப் பெயர் முதலில் வந்ததாக ஜான் கிரான்ட் என்பவர் 1662இல் எழுதியிருக்கிறார். 1650இல் பிரான்சிஸ் கிளிசன் என்ற மருத்துவர் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். நாட்டுப்புற ஜனங்கள் சொன்ன ரிக்கெட்ஸ் அவருக்குக் கௌரவமாகப் படவில்லை போலும். முதுகெலும்புக்கான கிரேக்கச் சொல்லைக் கொண்டு ரக்கைடிஸ் என்று சூட்டினார். ஐரோப்பாவில் மற்ற நாட்டார் இதை இங்கிலீஷ் வியாதி என்றே சொன்னார்கள். நிலக்கரிப் புகையும் குறுகிய சந்துகளும் வெயிலை மறைத்த ஊர் அல்லவா! வெயில் பட்டால்தான் தோலில் வைட்டமின் டி உண்டாகும். அது தெரிய 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. 1919இல் எட்வர்ட் மெல்லன்பி என்பவர் நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்து, நோய் வரவழைத்து, காட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்துக் குணமாக்கிக் காட்டினார்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத திண்டுக்கல்லில் என் தம்பிக்கு அது வந்தது. என்னை விட ஐந்து வயது சின்னவன். இரண்டு வயதில் கடுமையான காய்ச்சல். பிழைத்ததே பெரிது என்று அம்மா அவனை ஒரு வருஷத்துக்கு மேல் உள்ளறையிலேயே வைத்திருந்தாள். காற்று பட்டால் ஆகாது, கண் பட்டால் ஆகாது. பால் வாங்க வசதி கிடையாது. நடக்க ஆரம்பித்தபோது கால் இரண்டும் வளைந்திருந்தன. அப்பத்தா கணைச்சூடு என்றாள். பெரியாஸ்பத்திரி டாக்டர் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதினார். வெயிலில் விடுங்கள், மீன் எண்ணெய் கொடுங்கள் என்றார். அதிலிருந்து தினம் திண்ணையில் வெற்றுடம்போடு அவனை உட்கார வைத்து, மூக்கைப் பிடித்து அந்த எண்ணெயை ஊற்றுவாள் அம்மா. தெருவே நாறும். கால் ஓரளவு நிமிர்ந்தது. முழுக்க நிமிரவில்லை.

நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது ஆங்கிலப் பாடத்தில் ரிக்கெட்டி டேபிள் என்று வந்தது. கால் ஆடுகிற மேஜை என்றார் வாத்தியார். டாக்டர் சீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்திருந்த சொல் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம்! அன்று சாயங்காலம் கோலி விளையாடும்போது அவன் என் கோலியை எடுத்துக்கொண்டு ஓட, "டேய் ரிக்கெட்டி" என்று கத்தினேன். பசங்கள் பிடித்துக்கொண்டார்கள். அர்த்தம் தெரியாது, ஓசை பிடித்திருந்தது. ஒரு மாதத்தில் தெருவுக்கே அவன் ரிக்கெட்டி. பிறகு ரிக்கட்டி. கடை வைத்தபோது பலகையில் வேறு பெயர் இருந்தது, ஆனால் ஊர் சொன்னது ரிக்கட்டி டெய்லர். ஏதோ பட்டப்பெயர், கிரிக்கெட்டிலிருந்து வந்தது என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். நாற்பது வருடம் அந்த வளைந்த காலால் மிஷின் மிதித்தான். பிசிறில்லாத தையல். என் மகன் கல்யாணச் சட்டை அவன் தைத்ததுதான்.

1979இல் சேம்பர்ஸைக் கொண்டுவந்த அன்று அவன் கடை மூடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கனத்தைத் தூக்கிப் பார்த்தான். "அண்ணே, இதுல எல்லா வார்த்தையும் இருக்குமா?" என்றான். இருக்கும்டா என்றேன். "என் பேரு இருக்கா பாருண்ணே."

பார்த்தேன். பக்கத்தைப் புரட்டி, விரல் அந்த இடத்தில் நின்றது.

"இல்லடா" என்றேன். சரி என்று சாப்பிடப் போய்விட்டான்.

மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். தினமும் மாலையில் டாக்டர் வெளியே வந்து ஸ்டேபிள் என்பார். லத்தீனில் நிற்பது என்ற வேரிலிருந்து வந்த சொல் அது. நிற்கக்கூடியது என்று பொருள். குதிரை நிற்கும் லாயத்துக்கும் அதே சொல்தான். இந்த வியாக்கியானமெல்லாம் அந்த வராந்தா பெஞ்சில் எனக்கு எதற்கு ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை. ஒன்பது நாள் ஸ்டேபிளாக இருந்தான். பத்தாம் நாள் போய்விட்டான்.

ஸ்டூல் அவன் கடை ஸ்டூல். கடையைக் காலி செய்தபோது மிஷினை அவன் மகன் எடுத்துக்கொண்டான், நான் இதைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு கால் அரை விரற்கடை குட்டை. அவன் அதற்குக் கீழே கத்தரித்த துணித் துண்டுகளை மடித்து வைத்திருப்பான். இங்கே வீடு பெருக்கும்போது அது எப்போதோ போய்விட்டது.

அன்று இரவு பேத்தியிடம் அகராதியைக் கொடுத்து, அந்தச் சொல்லைப் படிக்கச் சொன்னேன். படித்தாள். பிறகு இதையெல்லாம் சொன்னேன். பட்டப்பெயரை யார் வைத்தது என்பதையும் சொன்னேன். வீட்டில் யாருக்கும் அதுவரை அது தெரியாது. அவள் கொஞ்ச நேரம் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னத் தாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் அர்த்தம் தெரியாதா?"

"தெரியாமலா இருந்திருக்கும்? அவன் மகன் எம்.ஏ. ஆங்கிலம்" என்றேன்.